வலியறிதலும் வண்டியோட்டமும்

1847இல் வட்டுக்கோட்டையில் பணி தொடங்கிய அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடலின் தொழிற்பாட்டை ஆராயும் துறைக்கு அவர் நூல்களில் வழங்கிய பெயர் 'சுகரணவாதம்' என்பதாகும். உடல் தன் வலுவை எவ்வாறு ஈட்டிச் செலவிடுகிறது என்னும் வினா மேனாட்டு அறிவியல் நோக்கில் தமிழிற் பயிலப்பட அம்முயற்சி வழிவகுத்தது. அரை நூற்றாண்டின் பின் ஐரோப்பாவில் எழுந்த ஒருநாள் துவிச்சக்கரவண்டிப் போட்டிகள் அதே வினாவை வீதியில் எழுப்பின.

பாரிசு–உரூபே போட்டி 1896இலும், மிலான்–சன்ரெமோ 1907இலும் தொடங்கின. பின்னதன் தொலைவு 300 கிலோமீற்றரை அண்மியது. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் கடும் முயற்சிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரமே போதுமாகலின், வழியில் உண்ணாதவன் வெல்லுதல் அரிது. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் செயலின் வலி, தன் வலி, மாற்றார் வலி, துணைவர் வலி என நான்கையும் சீர்தூக்குமாறு பணிக்கும். வண்டியோட்ட உத்தி முழுவதும் இந்நான்கனுள் அடங்கும் எனலாம்.

துணைவலியின் பயன் காற்றிலேயே புலனாகும். முன்செல்வோனை ஒட்டிச் செல்பவன் தன் உழைப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை மிச்சப்படுத்துகிறான். வட்டுக்கோட்டையிலிருந்து தென்கிழக்கே யாழ்ப்பாண நகருக்குச் செல்வோனைத் தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று வலப்புறமாகத் தாக்கும். மேடற்ற சமநிலத்தில் காற்றே மலையாகின்றது. இத்தகைய குறுக்குக் காற்றில் நேர் பின்னே செல்வதாற் பயன் குறைவு. இடப்புறம் சற்றே விலகிப் பின்தொடர்தல் வேண்டும். ஐரோப்பியப் போட்டியாளர் வீதிக்குக் குறுக்கே சாய்வரிசை அமைப்பது இதன் பொருட்டே. வரிசையில் இடம் பெறாதவன் விரைவிற் களைத்துப் பின்தங்குவான்.

விதிக்கு விலக்கும் உண்டு. 1946இல் மிலான்–சன்ரெமோவில் பவுசுட்டோ கொப்பி முடிவுக்கு நெடுந்தொலைவு முன்னரே தனித்து விரைந்து, 14 நிமிட இடைவெளியில் வென்றார். தன் வலியும் மாற்றார் வலியும் ஒருங்கறிந்தவர்க்கே அத்துணிவு கைகூடும்.

நம்மவருள் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன், 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாது வண்டியோட்டிச் சாதனை படைத்தார். அங்கே காற்றை மறைக்கும் துணைவரில்லை, வெல்லவேண்டிய மாற்றாருமில்லை. தன் வலியொன்றே அளவுகோல். அதே மனவுறுதியுடன் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்ற அவர் 1984 ஓகத்தில் உயிர்நீத்தார். மனவுறுதி உடலின் எல்லையை மீறத் தூண்டும். ஆயின் அவ்வெல்லையை அழிக்கவல்லதன்று.

1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்டபோது, குடாநாட்டின் விறகும் காய்கறியும் நோயாளரும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றனர். ஒருநாட் போட்டியாளனுக்கு இறுதிக் கோட்டில் எஞ்சிய வலு வீணானது. மறுநாளும் சுமையேற்றி மிதிக்க வேண்டியிருந்த அம்மக்களுக்கோ, எஞ்சியதே முதலாயிற்று. வலியறிதல் என்பது இவ்விரண்டுள் தன் நிலை எதுவெனத் தெளிதலையும் உள்ளடக்கும்.