படிவத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வார்த்தை

பெரிய தொலைநோக்கியில் வானம் பார்க்க வேண்டுமென்றால் விஞ்ஞானி முதலில் செய்ய வேண்டியது மனுப் போடுவது. எதைப் பார்க்கப் போகிறேன், எத்தனை இரவு வேண்டும், நிலவில்லாத இரவுதான் வேண்டுமா, சின்னத் தொலைநோக்கி ஏன் போதாது, எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குழு படித்துப் பார்த்து இரவுகளைப் பங்கு போடும். கிடைத்த இரவில் மேகம் கவிந்தால் போச்சு, மறுபடி வரிசைதான்.

வேலைக்காலம் முழுக்க மனுக்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இதில் எனக்கு ஒரு தனி ருசி.

கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன், பாலமார் என்று இரண்டு மலைகள். முதலாவதில் 100 அங்குலத் தொலைநோக்கி. இரண்டாவதில் 1948ல் திறந்த 200 அங்குலம், கால் நூற்றாண்டுக்கு மேல் உலகிலேயே பெரியது. வானியலாளர்கள் தங்கும் விடுதிக்கு அங்கே 'மடாலயம்' என்றே பெயர். பெயருக்கேற்ப ஆண்களுக்கு மட்டும்.

இங்கிலாந்துக்காரர் மார்கரெட் பர்பிட்ஜ் 1940களில் கார்னகி உதவித்தொகைக்கு மனுப் போட்டார். அது ஆண்களுக்குத்தான் என்று பதில் வந்தது. (நம் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு 1950களின் தொடக்கத்தில் பாலமார் போனது இதே கார்னகி உதவித்தொகையில்தான்.) 1955ல் அது மார்கரெட்டின் கணவர் ஜெஃப்ரிக்குக் கிடைத்தது. ஜெஃப்ரியோ காகிதமும் பேனாவுமாகக் கணக்குப் போடுகிற ஆள். இரவு கேட்டு மனு போனது அவர் பெயரில். குளிரில் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டியது 'உதவியாளர்' மார்கரெட். மடாலயத்தில் இடமில்லை. கணவனும் மனைவியும் தனியாக ஒரு சின்ன வீட்டில் தங்கி, சாப்பாட்டையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 1957ல் இருவரும் ஃபௌலர், ஹாயில் ஆகியோரோடு சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். நம் உடம்பிலுள்ள கார்பனும் இரும்பும் நட்சத்திரங்களுக்குள் எப்படி உருவாயின என்று விளக்கிய கட்டுரை அது.

பெண்களை மறுக்கச் சொன்ன காரணம்? கழிப்பறை வசதி இல்லையாம். 200 அங்குலக் கண்ணாடியை மலைமேல் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கழிப்பறை கட்டத் தெரியாதா என்ன!

அடுத்து வந்தவர் வீரா ரூபின். நான்கு பிள்ளைகளின் தாய். 1960களின் நடுவில், பாலமாருக்கு மனுப் போடும்படி ஆலன் சாண்டேஜ் அவரை அழைத்தார். வந்த படிவத்தில், வசதிக் குறைவால் பெண்களின் மனுக்களை ஏற்க இயலாது என்று அச்சிட்டிருந்தது. யாரோ அதில் பென்சிலால் 'வழக்கமாக' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தார்கள். அதாவது, வழக்கமாக ஏற்பதில்லை! விதியை நீக்காமலே வழி விடுகிற அந்தச் சாமர்த்தியத்தை எந்த ஊர் குமாஸ்தாவும் ரசிப்பார். விதியை அடித்தே போட்டிருக்கலாம் என்பதும் என் கட்சி.

1965ல் ரூபின் போனார். சொந்தப் பெயரில், முறைப்படி அனுமதி பெற்று பாலமாரில் ஆய்வு செய்த முதல் பெண். அந்தப் புகழ்பெற்ற கழிப்பறையையும் சுற்றிக் காட்டினார்களாம். கதவில் ஆண் உருவம். காகிதத்தில் ஒரு பாவாடை வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டு, இப்போது பெண்களுக்கும் இருக்கிறது என்றாராம் ரூபின். அவரை அறிந்தவர்கள் சொல்லி வந்த கதை இது.

பின்னாளில் கென்ட் ஃபோர்டோடு சேர்ந்து விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்தார். ஓரத்து நட்சத்திரங்களும் உள்ளே இருப்பவற்றைப் போலவே வேகமாகச் சுற்றுவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு என்பதற்கு மிக வலுவான சான்றுகளில் அது ஒன்று.

2018ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கான மனுக்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. எழுதியவர் யார் என்பது படிக்கிற குழுவுக்குத் தெரியக்கூடாது. அதற்கு முந்தைய பல சுற்றுகளில் பெண்கள் தலைமையில் வந்த மனுக்களின் தேர்ச்சி விகிதம் ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. அந்தச் சுற்றில் கொஞ்சம் மேலே வந்துவிட்டது.