கைக்கும் திரைக்கும் நடுவே

எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு புதிய மானிட்டர் வாங்கினார். விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணம். பெட்டியின் மேல் "144 ஹெர்ட்ஸ், 1 மில்லி விநாடி" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆய்வுக்கூடத்திற்கு வந்தவர், "சார், பழைய திரையில் விளையாடியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே!" என்றார். அவர் ஏமாந்தாரா? பதில் சொல்வதற்கு முன், வாசகர்களே, உங்களை 1958-ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அக்காலத்தில் ஆண்டுதோறும் பொதுமக்கள் அதைப் பார்வையிட நாள் ஒதுக்கினார்கள். அசையாத காட்சிப் பொருள்களைக் கண்டு மக்கள் சலிப்படைவதை வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலார் கவனித்தார். ஓர் அனலாக் கணிப்பொறியை அலைவுகாட்டியுடன் இணைத்து, இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். திரையின் அகலம் 5 அங்குலம்தான். குமிழைத் திருப்பினால் பந்தின் கோணம் மாறும். பொத்தானை அழுத்தினால் பந்து பறக்கும். தரை, வலை, பந்து மூன்றையும் ஒரே எலக்ட்ரான் கற்றை மாறி மாறி, விநாடிக்குச் சுமார் 36 முறை வரைந்தது. மக்கள் வரிசையில் காத்து நின்று ஆடினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பொத்தானை அழுத்தியதும் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மின்னழுத்தமே கற்றையை வளைக்கிறது. படத்தைச் சேமித்து வைக்க நடுவில் இடமே கிடையாது. சேமிக்க இடம் இல்லாத கருவியில் தாமதம் எங்கே தங்கும்?

அடுத்து, 60 என்ற எண்ணின் கதை. விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்க வேண்டும் என்று கண்ணைச் சோதித்து யாரும் முடிவு செய்யவில்லை. தொலைக்காட்சி தோன்றிய காலத்தில், மின்சாரத்தின் அலைவெண்ணும் படத்தின் அலைவெண்ணும் வேறுபட்டால் திரையில் பட்டைகள் ஊர்ந்து போகும் என்ற தொல்லை இருந்தது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்கா 60-ஐ எடுத்துக்கொண்டது. 1936-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பிரிட்டன் 50-ஐ எடுத்துக்கொண்டது. நம் நாட்டுத் தொலைக்காட்சியும் 50-தான். மின்நிலையத்து டைனமோ வகுத்த எண்ணை நம் விளையாட்டுப் பிள்ளைகள் இன்றும் சுமக்கிறார்கள்!

பழைய கேதோடு கதிர்க் குழாய் எவ்வளவு சுறுசுறுப்பானது என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1984-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'டக் ஹன்ட்' என்ற வாத்து வேட்டை விளையாட்டை வெளியிட்டது. அதன் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அதன் குழலில் ஒளியை உணரும் உறுப்பு இருக்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருள், உடனே ஒளி என்று துப்பாக்கி கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். எல்லாம் விநாடியில் சில அறுபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட வேண்டும். இன்றைய தட்டைத் திரையின் முன் அதே துப்பாக்கி செயலற்றுப் போகிறது. பழைய குழாயின் ஒளித்துடிப்புக்கு ஏற்பவே அது அமைக்கப்பட்டது என்பது ஒரு காரணம். வெள்ளைக் கட்டம் தாமதமாக வந்து சேருகிறது என்பது மற்றொன்று.

தட்டைத் திரை, அதாவது திரவப் படிகத் திரை, மேசையில் இடத்தை மிச்சப்படுத்தியது, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தியது. விளையாடுவோருக்கு மட்டும் இரு இழப்புகள். 1990-களின் கணிப்பொறிக் குழாய்கள் 85, 100 ஹெர்ட்ஸ் வரை ஓடின. தட்டைத் திரையோ 60-க்கு இறங்கிவிட்டது. மேலும் அது ஒரு படத்தை அடுத்த படம் வரும் வரை பிடித்து வைத்துக்கொள்கிறது. விநாடிக்கு 960 புள்ளிகள் நகரும் பொருளைக் கண் பின்தொடர்ந்தால், 60 ஹெர்ட்ஸ் திரையில் அது 16 புள்ளி அகலத்துக்கு இழுபட்டுத் தெரியும். 120 ஹெர்ட்ஸில் அது 8 ஆகக் குறையும்.

2009-இல் 120 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் கடைக்கு வந்தபோது நோக்கம் இதுவன்று. முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து பார்க்க, கண் ஒன்றுக்கு 60 படம் வேண்டியிருந்தது. கண்ணாடி மோகம் சில ஆண்டுகளில் அடங்கியது, வேகம் நிலைத்தது. 2012-இல் 144, 2020-இல் 360 என்று எண் ஏறியது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு படத்துக்கான நேரம் 60-இல் 16.7 மில்லி விநாடி, 144-இல் 6.9, 240-இல் 4.2, 360-இல் 2.8. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி லாபம். கடைசித் தாவலில் ஒன்றரைகூட இல்லை. விலையோ நேர்மாறாக ஏறுகிறது. உங்கள் கணிப்பொறி விநாடிக்கு 70 படம்தான் தயாரிக்கும் என்றால் 360 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து.

சரி, பெட்டியில் கண்ட 1 மில்லி விநாடி? அது ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் காலம். கையசைவு திரையில் தெரிய ஆகும் தாமதம் அன்று. படத்தை மெருகேற்றுவதற்காகத் திரையே ஓரிரு படங்களைத் தேக்கி வைத்தால், புள்ளி எத்தனை விரைவாக மாறினாலும் பயன் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிகளில் 'கேம் மோட்' என்ற ஏற்பாடு இந்த மெருகைத்தான் நிறுத்துகிறது. ஆகவே வாங்கும்போது, உள்ளீட்டுத் தாமதத்தை வெளியார் அளந்து சொன்ன எண் உண்டா என்று தேடுங்கள்.

நாங்களும் அளந்தோம். விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியை, மௌஸும் திரையும் ஒருசேரத் தெரியும்படி நிறுத்தினோம். விரல் அழுத்தியதிலிருந்து திரை மாறும் வரை படங்களை எண்ணினோம்: சராசரி 17. அதாவது 71 மில்லி விநாடி. மௌஸ், கணிப்பொறி, திரை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பிறகு கணிப்பொறியின் திரை அமைப்பைத் திறந்து பார்த்தால், அங்கே 60 என்றே இருந்தது! 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, ஒரு வாரமாக 60-இல் ஓட்டியிருக்கிறார். மாற்றினோம். சராசரி 11 ஆயிற்று. 46 மில்லி விநாடி.

எங்கள் முறை 4 மில்லி விநாடிக்குக் குறைந்த வேறுபாட்டைக் காட்டாது. அதனால் இப்போது அந்த மாணவர் திரையில் ஒட்டிவைக்க ஒளியுணர் டயோடு ஒன்றை அலைவுகாட்டியுடன் இணைத்துக்கொண்டிருக்கிறார்.