முகத்தில் எழுதிய கவிதை: புலம்பெயர்ந்த ஈரானிய, அரபுக் கலைஞர்கள்

கட்டுரைக்குப் போகும் முன் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைத் திரையில் காட்டினேன். கறுப்புத் துணியால் தலையை மூடிய ஒரு பெண். முகத்தை இரண்டாகப் பிரிப்பதுபோல நடுவில் துப்பாக்கிக் குழல். முகம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து. "இவர் யார்?" என்று கேட்டேன். "தீவிரவாதி" என்றது ஒரு குரல். "அரபு நாட்டுக்காரங்க" என்றது இன்னொன்று. "முகத்துல இருக்கிறது குர்ஆன் வசனம் டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. மூன்றும் தவறு.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது நானும் அந்த எழுத்தை அலங்காரம் என்றுதான் நினைத்தேன். நம் தமிழ் எழுத்தைப் பார்த்து, "சுருள் சுருளா அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரைக் கண்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தத் தவற்றைத்தான் நானும் செய்திருந்தேன்.

மாணவர்களே, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஈரானியரில் பெரும்பாலோர் அரபியர் அல்லர். அவர்கள் நாட்டின் ஆட்சிமொழி பாரசீகம். அது அரபு வரிவடிவத்திலிருந்து வந்த எழுத்தில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். ஜாவியில் எழுதினால் மலாய் அரபு மொழியாகிவிடுமா என்ன? தேர்வுத்தாளில் 'அரபு நாடான ஈரான்' என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் கிழக்கு என்றாலே அந்தப்புரம், அடிமைப்பெண், பாம்பாட்டி என்று வரைந்து தள்ளினார்கள. பிரான்சின் ஜெரோம் வரைந்த 'பாம்பாட்டி' ஓவியத்தில் எகிப்தும் துருக்கியும் ஒரே சுவருக்கு முன்னால் கலந்து கிடக்கின்றன. பாலஸ்தீனத்தில் பிறந்த அறிஞர் எட்வர்ட் சயீத் 1978இல் வெளியிட்ட 'ஓரியண்டலிசம்' என்ற நூல் இந்தப் பார்வையைத்தான் கேள்வி கேட்டது. அதன் அட்டையில் இடம்பெற்றதும் அதே பாம்பாட்டிதான்.

இனி அந்தப் புகைப்படம். உருவாக்கியவர் ஷிரின் நெஷாத். 1957இல் ஈரானின் கஸ்வின் நகரில் பிறந்தவர். எழுபதுகளில் படிப்பதற்காக அமெரிக்கா போனார். 1979இல் புரட்சி வந்தது, நாடு மாறிப்போனது. 1990இல்தான் திரும்பிச் சென்று பார்த்தார். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1993 முதல் 1997 வரை அவர் உருவாக்கிய 'அல்லாஹ்வின் பெண்கள்' என்ற படவரிசை. பல படங்களில் அவரே நிற்கிறார். படத்தை அச்சிட்ட பிறகு அதன்மேல் மையால் கையெழுத்தாக எழுதினார். எழுதியது என்ன? ஈரானியப் பெண் கவிஞர்களின் கவிதைகள். ஒருவர் ஃபரூக் ஃபரூக்சாத்; பெண்ணின் ஆசையை ஒளிக்காமல் எழுதி 1967இல், 32 வயதில், கார் விபத்தில் இறந்தவர். இன்னொருவர் தாஹிரே சஃபார்சாதே. புரட்சியை ஆதரித்துப் பாடியவர். ஒரே படவரிசையில் எதிரெதிரான இரண்டு பெண் குரல்கள்! பாரசீகம் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பெண் பேசுகிறாள். தெரியாதவருக்கு அவள் ஊமை.

இங்கேதான் நெஷாத்தின் மீது விமர்சனமும் எழுந்தது. முக்காடும் துப்பாக்கியும் மேற்கு நாட்டவர் ஏற்கெனவே எதிர்பார்க்கும் படம்தானே, கவிதையை எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது என்பதே என் கருத்து. என் வகுப்பே அதற்குச் சாட்சி.

1998இல் அவர் செய்த 'கொந்தளிப்பு' என்ற காணொளியில் மொழிச் சிக்கலே இல்லை. எதிரெதிராக இரண்டு திரைகள். ஒன்றில் ஆண் பாடகர் ரூமியின் கவிதையைப் பாடுகிறார். அரங்கம் நிறைய ஆண்கள் கைதட்டுகிறார்கள். மற்றதில் ஒரு பெண், வெறும் நாற்காலிகள் முன்னால். புரட்சிக்குப் பிறகு ஈரானில் பெண்கள் ஆண்கள் முன்னிலையில் தனித்துப் பாடத் தடை. அவள் பாடுகிறாள், சொற்களே இல்லாமல். மூச்சும் ஓலமும் மட்டும். எதிர்த்திரையில் ஆண்கள் வாயடைத்து நிற்கிறார்கள். பார்வையாளர்களாகிய நாம் இரண்டுக்கும் நடுவில். 1999 வெனிஸ் பியனாலேயில் இதற்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது.

மொரோக்கோவில் 1956இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லல்லா எஸ்ஸாய்தியும் எழுத்தைத்தான் எடுத்தார், மருதாணியால். அரபு அழகெழுத்து பெரும்பாலும் ஆண்களின் கலை, மருதாணி பெண்களுடையது. இரண்டையும் சேர்த்துப் பெண்களின் உடை, தோல், சுவர் எல்லாவற்றிலும் எழுதிப் படமெடுத்தார். ஆங்ரே 1814இல் ஆடையின்றி வரைந்த அந்தப்புரப் பெண், எஸ்ஸாய்தியின் படத்தில் எழுத்தால் நிறைந்த துணி போர்த்திக் கிடக்கிறாள்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது மோனா ஹாத்தூம். ஹைஃபாவிலிருந்து வெளியேறிய பாலஸ்தீனப் பெற்றோருக்கு 1952இல் பெய்ரூத்தில் பிறந்தார். 1975இல் லண்டனுக்குச் சும்மா ஒரு பயணமாகப் போனவர், லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். 1988இல் வந்த 'தூரத்தின் அளவுகள்' என்ற காணொளியில் அம்மா அரபியில் எழுதிய கடிதங்கள் திரைமேல் முள்வேலிபோல ஓடுகின்றன. மகள் அவற்றை ஆங்கிலத்தில் சோகமாக வாசிக்கிறார். பின்னணியிலோ அம்மாவும் மகளும் அரபியில் அரட்டையடித்துச் சிரிக்கும் ஒலிப்பதிவு. உடலைப் பற்றி, கணவரைப் பற்றி, இழந்த ஊரைப் பற்றி அந்த அம்மா கூச்சமில்லாமல் பேசுகிறார். 'அரபுத் தாய்' என்றதும் நம் மனத்தில் வருகிற அந்த ஒடுங்கிய உருவம் இங்கே எங்கே?

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. இது 15 நிமிடம்தான், ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிடும். ஆனால் அம்மா குளிக்கும் காட்சிகள் இருப்பதால் வகுப்பில் அப்படியே போட முடியாது. நான் ஒலியை மட்டும் போட்டேன். கடிதம் முடிந்ததும் அந்த மாணவி கேட்டாள்: "டீச்சர், பின்னாடி என்ன சொல்லிச் சிரிக்கிறாங்க?"