சக்தி கலைக்குழு

சக்தி கலைக்குழு திண்டுக்கல்லில் இயங்கும் பெண்கள் பறையாட்டக் குழு. கொடைக்கானலையும் பழனி மலைத்தொடரின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய மாவட்டத்தின் தலைநகர் திண்டுக்கல். அருட்சகோதரி சந்திரா 1990-ல் இக்குழுவைத் தொடங்கினார்.

பின்னணி

பறையாட்டத்தில் இசைப்பவரே ஆடுபவர். தோளில் தொங்கும் பறையை இரு குச்சிகளால் அடித்தபடி, அடவுக்கேற்பச் சலங்கைக் காலால் தாளத்தை மிதிப்பர். தோலை விறைப்பாக்க முதலில் தீயில் காய்ச்சுவர்.

சாவு வீட்டில் பறையடிப்பது ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் மேல் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. அதனால் பறையைக் கைவிடுவதே விடுதலை எனப் பலர் கருதினர். சக்தி மாற்று வழியைத் தேர்ந்தது. இழிவு பறையில் இல்லை, கட்டாயத்தில்தான் உள்ளது என்பது அதன் நிலைப்பாடு.

பயிற்சி

தலித் குடும்பத்து இளம்பெண்கள் இங்கே தங்கி, பறையாட்டம் உள்ளிட்ட நாட்டார் கலைகளுடன் தையல் போன்ற தொழில்களையும் கற்கின்றனர். சாவு வீட்டில் ஆண்கள் அடித்த பறையைப் பெண்கள் மேடையில் அடித்து ஆடுகின்றனர்.

ஆவணப்படம்

அமெரிக்கத் தாளவாத்தியக் கலைஞரும் இசை மானுடவியலாளருமான ஸோயி ஷெரினியன், 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்னும் ஆவணப்படத்தில் இக்குழுவைப் பதிவு செய்துள்ளார்.

பண்பாட்டு இடம்

பறையை மறுத்தவர்களும் அதை ஏந்தியவர்களும் கேட்டது ஒன்றையே: சுயமரியாதை.