பின்லாந்தில் செய்தித்தாள் வளர்ந்த கதை

பின்லாந்து 1809 வரை சுவீடனின் ஒரு பகுதியாக இருந்தது. அதன்பின் 1917 வரை ரஷ்யப் பேரரசரின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடாக இருந்தது. நிர்வாகத்திலும் பல்கலைக்கழகத்திலும் சுவீடிஷ் மொழி கோலோச்சியது; பெரும்பான்மை மக்கள் பேசியது பின்னிஷ். இதழியல் அங்கே ஒரு தொழிலாக நிலைபெறப் பல தலைமுறைகள் ஆயின. அதுவரை செய்தித்தாளைத் தாங்கியவர்கள் பாதிரியார்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், உழவர்கள். பிழைப்புக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டே எழுதிய இவர்கள், செய்தியோடு பின்னிஷ் எழுத்து மொழியையும் வளர்த்தார்கள்.

வாசகர்களை முதலில் உருவாக்கியது லூத்தரன் திருச்சபை. வேத நூலைப் படிக்கும் அளவுக்காவது ஒவ்வொருவருக்கும் எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்று 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் எதிர்பார்த்தது. பாதிரியார் ஊர் ஊராகச் சென்று மக்களைக் கூட்டிவைத்து வாசிக்கச் சொல்லிச் சோதிப்பார். வாசிக்கத் தெரியாதவர் திருச்சபையில் உறுதிபூசுதல் பெறுவதும், அதன் வழியே திருமணம் செய்துகொள்வதும் கடினம். எழுதத் தெரியாத பலருக்கும் இப்படி வாசிப்பு கைவந்தது.

அச்சுரிமைக்குப் பாடுபட்டவரும் ஒரு பாதிரியாரே. பின்லாந்தின் மேற்குக் கரைப் பகுதியிலிருந்து ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்துக்குச் சென்ற ஆன்டர்ஸ் சிதேனியஸின் முயற்சியால், சுவீடன் 1766இல் அச்சுச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. சமய நூல்கள் தவிர மற்றவற்றுக்கு முன்தணிக்கை நீங்கியது. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கவும் அச்சிடவும் உரிமை கிடைத்தது. உலகில் இத்தகைய சட்டம் அதுவே முதல். 1772இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட பிறகு அந்த உரிமைகள் சுருங்கின.

நாட்டின் முதல் செய்தித்தாள் 1771இல் துர்க்கு நகரில், சுவீடிஷ் மொழியில் வந்தது. அறிஞர் ஹென்ரிக் காப்ரியேல் போர்தானும் அவரது நண்பர்களும் அதை நடத்தினர். மினமகி ஊரின் பங்குத்தந்தை அந்தி லிசேலியஸ் 1776இல் நடத்திய இதழே பின்னிஷ் மொழியின் முதல் செய்தித்தாள். உழவர்களுக்கு உலகச் செய்தியையும் வேளாண் குறிப்பையும் கொடுக்க முயன்ற அந்த இதழ் ஏறத்தாழ ஓராண்டில் நின்றுபோனது.

அடுத்த பெரும் முயற்சி ஒரு மருத்துவருடையது. கயானி வட்டாரத்தின் அரசு மருத்துவரான எலியாஸ் லோன்ரோத், வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 1835இல் 'கலேவலா' காவியத்தை வெளியிட்டார். மறு ஆண்டே 'மெஹிலைனன்', அதாவது 'தேனீ', என்ற பின்னிஷ் மாத இதழைத் தொடங்கினார். அரசியல், அறிவியல், வரலாறு பற்றி எழுதப் பின்னிஷில் அப்போது சொற்கள் போதவில்லை. லோன்ரோத் தம் வாழ்நாளில் பல புதுச் சொற்களை ஆக்கினார். இலக்கியம், இலக்கணம், குடியரசு, வாக்குரிமை ஆகியவற்றைக் குறிக்க இன்று பின்னிஷ் மக்கள் வழங்கும் சொற்கள் அவர் தந்தவை. குடியரசும் வாக்குரிமையும் நாட்டுக்குக் கிடைக்கும் முன்பே அவற்றுக்கான சொற்கள் மொழியில் தயாராக இருந்தன.

குவோபியோ நகரப் பள்ளியின் தலைமையாசிரியர் யோகான் வில்ஹெல்ம் ஸ்னெல்மன் 1844இல் 'சைமா' இதழைத் தொடங்கினார். படித்த வகுப்பார் மக்களின் மொழிக்கு மாற வேண்டும் என்ற வாதத்தை, அந்த வகுப்பாரை எட்டுவதற்காக சுவீடிஷிலேயே எழுதினார். 1846இன் இறுதியில் அதிகாரிகள் அதை நிறுத்திவிட்டனர். 1847இல் இளம் பட்டதாரிகள் ஹெல்சிங்கியில் 'சுவோமெதர்' என்ற பின்னிஷ் வார இதழைத் தொடங்கினர். ஐரோப்பாவின் 1848 புரட்சிகளைக் கண்டு அஞ்சிய ஆட்சி, 1850இல் ஒரு மொழி ஆணை பிறப்பித்தது. சமய நூல்களும் பொருளாதாரப் பயன் தரும் நூல்களும் தவிர வேறெதையும் பின்னிஷில் அச்சிடக் கூடாது என்றது அது. பின்னர் அந்தப் பிடி தளர்ந்து, 1860இல் ஆணை நீங்கியது. 1863இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர், இருபது ஆண்டுகளுக்குள் பின்னிஷுக்கு அரசு அலுவலில் சம இடம் கிடைக்க வழி செய்தார்.

இக்காலத்து இதழ்களின் உயிர்நாடி ஊர்க் கடிதங்கள். விளைச்சல், பனி, புதுப் பள்ளி, குடிப்பழக்கம், பாலம் இல்லாத ஆறு என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் யாராவது எழுதி அனுப்பினர். உழவரும் கோயில் பாடகருமான பியதரி பைவரிந்தா இப்படிக் கடிதம் எழுதத் தொடங்கிப் பிற்காலத்தில் பெயர்பெற்ற கதாசிரியரானார். முறையாகப் பள்ளி செல்லாதவர்களின் எழுத்தும் அச்சேறியதால், எளிய மக்களின் வாழ்க்கை பொது விவாதத்துக்கு வந்தது.

பெண்களுக்கும் இதழ் ஒரு வழி திறந்தது. யுவஸ்குலா நகரில் கணவர் ஆசிரியராக இருந்த இதழில் மின்னா காந்த் 1870களில் எழுதத் தொடங்கினார். சாராயத்துக்கு எதிரான அவரது கட்டுரைகளால் இருவரும் அந்த இதழை விட்டு விலக நேர்ந்தது. கணவர் இறந்தபின், ஏழு பிள்ளைகளின் தாயான அவர் குவோபியோவில் துணிக்கடை நடத்திக்கொண்டே நாடகங்களும் பெண்ணுரிமைக் கட்டுரைகளும் எழுதினார். அவர் பிறந்த மார்ச் 19 இன்று பின்லாந்தில் சமத்துவ நாள்.

1889இல் ஏரோ எர்க்கோ, யுஹானி அஹோ முதலியோர் 'பைவலெஹ்தி' நாளேட்டைத் தொடங்கினர். அஹோ தம் சிறு உரைநடைச் சித்திரங்களுக்கு 'லஸ்துயா' என்று பெயரிட்டார். 'மரச் சீவல்கள்' என்று பொருள். ஒரு மாலைக் காட்சியையோ ஒரு மனிதரின் முகத்தையோ சில பத்திகளில் தீட்டிய அந்த வடிவம் பின்னிஷ் உரைநடைக்குப் புது நெகிழ்வு தந்தது.

1899 பிப்ரவரியில் பேரரசர் இரண்டாம் நிக்கோலாய் வெளியிட்ட அறிக்கை நாட்டின் தன்னாட்சியைக் குறுக்கியது. அதை எதிர்த்த மனுவில் சில நாள்களிலேயே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்; பேரரசர் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. இதழ்கள் அடுத்தடுத்து முடக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில், இதழாளர் ஓய்வூதிய நிதிக்கு என்று சொல்லி ஹெல்சிங்கியில் 'பத்திரிகை நாள்கள்' கொண்டாடப்பட்டன. அங்கு அரங்கேறிய வரலாற்றுக் காட்சிகளுக்கு ழான் சிபேலியஸ் இசையமைத்தார். 'பின்லாந்து விழித்தெழுகிறது' என்ற இறுதிக் காட்சியின் இசையே மறு ஆண்டு திருத்தம் பெற்று 'பின்லாந்தியா' ஆனது.

எர்க்கோ 1903இல் நாடு கடத்தப்பட்டார். 1904இல் 'பைவலெஹ்தி' மூடப்பட்டது. அதே ஆண்டு அதன் இடத்தில் 'ஹெல்சிங்கின் சனோமத்' பிறந்தது. இன்றும் நாட்டின் பெரிய நாளேடு அதுவே. 1905 பொது வேலைநிறுத்தம் முன்தணிக்கையை ஒழித்தது. 1906இல் ஆண்களும் பெண்களும் வாக்குரிமை பெற்றனர். மறு ஆண்டுத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றம் சென்றனர். விடுதலைக்குப் பின் 1919ஆம் ஆண்டின் அரசமைப்பு, முன்தடையின்றி அச்சிடும் உரிமையை உறுதிசெய்தது. 1921இல் இதழாளர் சங்கம் தோன்றியது. ஓய்வு நேரத்தில் பலர் செய்துவந்த பணி இவ்வாறு தனித் தொழிலாக நிலைபெற்றது.