எதிர்க்கட்சி எழுதிய டெஸ்ட் கேஸ்

இன்ஜினியரிங் முதல் வருஷ பிசிக்ஸ்ல அலைவுகள், அலைகள், ஒளியியல்னு ஒரு பகுதி வரும். ஃபிரெனல்ங்கிற பேரைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம். ஆனா அவர் யார்? நம்மள மாதிரி ஒரு இன்ஜினியர்தான். இன்னைக்கு அவர் கதை.

ஒகுஸ்தன் ஃபிரெனல், பிறந்தது 1788. பிரான்ஸ் அரசாங்கத்துல ரோடு போடுற சிவில் இன்ஜினியர். 1815-ல எல்பா தீவுல இருந்து நெப்போலியன் திரும்பி வந்தப்போ, இவர் மன்னர் பக்கம் நின்னார். வேலை போச்சு, போலீஸ் கண்காணிப்பு வேற. நார்மண்டியில அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்க சோதனைக்கூடம் எல்லாம் கிடையாது. ஒரு தேன் துளியையே லென்ஸா வெச்சு சூரிய ஒளியைக் குவிச்சு, மெல்லிய கம்பியோட நிழலை அளக்க ஆரம்பிச்சார்.

நிழலோட ஓரம் கத்தியால வெட்டின மாதிரி இருக்காது. உத்துப் பார்த்தா, வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கோடுகளா தெரியும். இதுதான் விளிம்பு விளைவு. ஒளி ஒரு அலைன்னு எடுத்துக்கிட்டா இதைக் கணக்காவே போட முடியும்னு ஃபிரெனல் சொன்னார்.

அது அன்னைக்கு ஆபத்தான பேச்சு. ஒளி துகள்களால ஆனதுங்கிறது நியூட்டன் கட்சி. 1690-லயே ஹைகன்ஸ் அலைன்னு எழுதியிருந்தார், எடுபடலை. 1801-ல லண்டன் டாக்டர் தாமஸ் யங் திரும்ப அதையே சொன்னப்போ, ஒரு பத்திரிகை அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்டுச்சு.

1817-ல பாரிஸ் அறிவியல் அகாடமி விளிம்பு விளைவைப் பத்தி ஒரு பரிசுப் போட்டி அறிவிச்சது. ஃபிரெனல் 1818-ல கட்டுரை அனுப்பினார். நடுவர்கள் 5 பேர். அதுல லாப்லாஸ், பியோ, பொய்சோன் மூணு பேரும் துகள் கட்சி.

பொய்சோன் பெரிய கணித மேதை. "இது உளறல்"னு கட்டுரையைத் தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் செஞ்சது வேற. ஃபிரெனலோட சமன்பாட்டையே எடுத்து, ஒரு வட்டத் தகட்டோட நிழலுக்குக் கணக்கு போட்டார். தகட்டோட விளிம்புல எந்த இடத்துல இருந்து பார்த்தாலும் நிழலோட நடுப்புள்ளி ஒரே தூரம். அப்போ எல்லாப் பக்கத்துல இருந்தும் வர்ற அலைகள் அங்க மேடும் மேடுமா சேரணும். அதாவது, இருட்டா இருக்க வேண்டிய நிழலோட நட்டநடுவுல ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கணும்! அப்படி இருக்க வாய்ப்பே இல்லை, அதனால தியரி காலின்னு அவர் நினைச்சார்.

நம்ம பாஷையில சொன்னா, கோடை உடைக்கிறதுக்குன்னே எழுதின டெஸ்ட் கேஸ்.

நடுவர்கள்ல இன்னொருத்தரான அரகோ அதை ஓட்டிப் பார்த்தார். 2 மில்லிமீட்டர் தகடு, ஒரு விளக்கு. நிழலோட நடுவுல புள்ளி பளிச்சுன்னு தெரிஞ்சது. 1819-ல பரிசு ஃபிரெனலுக்கு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1723-லயே மரால்தின்னு ஒருத்தர் இந்தப் புள்ளியைப் பார்த்திருந்தார். ஆனா அது எதுக்குப் பதில்னு அன்னைக்கு யாருக்கும் தெரியலை. கேள்வி இல்லாத இடத்துல பதில் கிடந்தாலும் கண்ணுல படாது. அந்தக் கேள்வியைக் கேட்டது எதிர்க்கட்சிக்காரர். அதனாலதான் இன்னைக்கும் அது 'பொய்சோன் புள்ளி'.

ஃபிரெனல் அப்புறம் கலங்கரை விளக்கத்துக்கு லென்ஸ் வடிவமைச்சார். 1823-ல கோர்துவான் விளக்குல அது எரிஞ்சது. 1827-ல காசநோயால இறந்தப்போ அவருக்கு வயசு 39.

அந்த டெரிவேஷன் எத்தனை மார்க்குங்கிறது மறந்துபோகும். எதிராளி சொல்றதை, அவர் விதிப்படியே கடைசி வரி வரைக்கும் போட்டுப் பார்க்கிற நேர்மை மறக்கக் கூடாதது. அது பொய்சோன்கிட்ட இருந்தது. அடுத்த கோட் ரிவ்யூவுல நம்மகிட்டயும் இருக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.