தடித்த கால்களில் நிற்கும் எழுத்துகள்

எழுத்துக்குக் கால் உண்டா என்று கேட்டால், தமிழ் படித்த பிள்ளைகள் உடனே துணைக்காலைக் காட்டுவார்கள். இன்று நாம் பேசப்போவது ஆங்கில அச்செழுத்துகளின் காலைப் பற்றி. ஆங்கிலத்தில் 'ஐ' என்னும் பெரிய எழுத்தை மனத்தில் எழுதிப் பாருங்கள். நேரான ஒரு தூண். சில அச்சுகளில் அந்தத் தூண் மொட்டையாக நிற்கும். சிலவற்றில் உச்சியிலும் அடியிலும் மயிரிழை போன்ற ஒரு கோடு ஓடும். இன்னும் சிலவற்றில், தூண் எவ்வளவு தடிப்போ ஏறத்தாழ அவ்வளவு தடிப்பில், மேலும் கீழும் பலகை அறைந்தாற்போல் இருக்கும். இந்த மூன்றாம் வகையை அச்சுத் தொழிலார் 'ஸ்லாப் செரிஃப்' என்பார்கள். நாம் பட்டைக்கால் எழுத்து என்று சொல்லிக்கொள்வோம்.

இதை நாம் பார்க்காமல் இல்லை. சோனி வானொலிப் பெட்டியின் மேல் பொறித்த பெயரைப் பாருங்கள். அது பட்டைக்கால் எழுத்து. வீட்டுத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய தட்டச்சுக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இருப்பதும் அந்த இனத்து எழுத்தே. அச்சு வடிவமைப்பாளர்கள் இன்றும் விரும்பி எடுக்கும் இந்த எழுத்து எங்கே பிறந்தது? யாருக்காகப் பிறந்தது?

இது பிறந்த இடம் இங்கிலாந்து. காலம், 1800ஐ அடுத்த சில ஆண்டுகள். அதுவரை அச்செழுத்து என்றால் பெரும்பாலும் புத்தக எழுத்து. கையில் பிடித்து, விளக்கருகே அமர்ந்து, நிதானமாகப் படிப்பவனுக்காக வெட்டப்பட்டது. ஆனால் நீராவி இயந்திரமும் தொழிற்சாலையும் வந்தன. ஊர்கள் பெருத்தன. விற்பவர்கள் கூட்டத்தைத் தேடினார்கள். நாடகக்காரரும் மருந்து வியாபாரியும் வண்டிக்காரரும் சுவர்களில் காகிதம் ஒட்டத் தொடங்கினார்கள். தெருவில் நடந்து போகிறவன் நின்று படிக்க வேண்டும் அல்லவா? அதற்குப் புத்தக எழுத்தின் மெல்லிய கோடுகள் போதவில்லை. எழுத்து பெருத்தது, தடித்தது.

லண்டனில் எழுத்து வார்க்கும் பட்டறை நடத்தியவர் வின்சென்ட் ஃபிகின்ஸ். 1815 என்று ஆண்டு குறித்த அவருடைய மாதிரிப் புத்தகத்தில்தான் பட்டைக்கால் எழுத்து முதன்முதலில் காணப்படுகிறது என்பார்கள். அவர் அதற்கு இட்ட பெயர் 'ஆன்டீக்'. பழமையானது என்று பொருள். புத்தம் புதிய சரக்குக்குப் பழமை என்று பெயர்! அவருக்குப் போட்டியாளரான ராபர்ட் தோர்ன் இதே இன எழுத்தை 'எகிப்தியன்' என்று அழைத்தார். நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படை நடத்திப் போனதிலிருந்து, ஐரோப்பாவில் எகிப்து என்றால் ஒரே மோகம். இந்த எழுத்துக்கும் எகிப்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இப்படிப் பருத்த எழுத்துகளை அன்று அதிகம் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? லாட்டரி வியாபாரிகள். அப்போது பிரிட்டனில் அரசாங்கமே லாட்டரி நடத்தியது. முழுச் சீட்டின் விலை ஏழைக்கு எட்டாது. ஆகவே பாதி, கால், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று சீட்டைப் பங்கு போட்டு விற்றார்கள். பரிசுத் தொகையைச் சுவரெங்கும் கொட்டை எழுத்தில் அடித்தார்கள். பரிசு விழாமற்போகும் வாய்ப்பு எத்தனை என்பதை அந்த அளவில் அடிப்பார்களா? உழைப்பாளிகளின் காசைக் கரைக்கிறது என்ற கண்டனம் வலுத்து, 1826இல் அந்த லாட்டரி நிறுத்தப்பட்டது. வேடிக்கை ஒன்று உண்டு. தோர்ன் 1820இல் காலமானபின் அவருடைய பட்டறையை வாங்கிய வில்லியம் தோரோகுட், லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொண்டே அதை வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. அவர் ஒருவருக்கு விழுந்தது. விழாதவர்களின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பட்டறையில் பின்னர் பங்காளியானவர் ராபர்ட் பெஸ்லி. அவர் 1845இல் வெளியிட்டதுதான் 'கிளாரண்டன்'. அதன் கால்கள் தூணோடு சேருமிடத்தில் சற்றே வளைந்து இறங்கும். அதனால் முரட்டுத்தனம் குறைந்தது. சாதாரண எழுத்து வரிகளுக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் தடித்துக் காட்ட இது மிகவும் ஏற்றது. அகராதியில் தலைச்சொல் தடித்து நிற்கிறதே, அந்த வேலைக்குக் கிளாரண்டன் வாகாக அமைந்தது. பெஸ்லி அதைச் சட்டப்படி பதிவு செய்தார். பாதுகாப்பு மூன்றே ஆண்டு. அது முடிந்ததும் மற்றப் பட்டறைகள் தாராளமாக நகலெடுத்தன.

பெஸ்லி பிற்காலத்தில், 1869இல், லண்டன் மாநகரின் மேயரானார். ஆனால் கிளாரண்டனை எஃகில் வெட்டிய கை அவருடையதன்று; பெஞ்சமின் ஃபாக்ஸ் என்னும் தொழிலாளியுடையது. எஃகுக் கோலின் நுனியில் எழுத்தைத் தலைகீழ்ப் பிம்பமாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்து அச்சுப் பள்ளம் செய்ய வேண்டும். அந்தப் பள்ளத்தில் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி ஊற்ற வேண்டும். மயிரிழை அளவு தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிளாரண்டன் என்ற பெயர் உலகெங்கும் தெரியும். ஃபாக்ஸ் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் சுவரொட்டிகள் இன்னும் பெரிதாயின. உலோகத்தில் அவ்வளவு பெரிய எழுத்து வார்த்தால் பளு தாங்காது. ஆறும்போது சீராகவும் இராது. நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827இல் மரத்தைக் குடைந்து எழுத்துச் செய்யும் இயந்திர முறையைக் கண்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த், ஒரே மாதிரியைக் கொண்டு பல அளவுகளில் வெட்டும் கருவியை அதனோடு இணைத்தார். மரவெழுத்து மலிந்தது. பட்டைக்கால் எழுத்து சர்க்கஸ், ரயில், தேர்தல் என்று எல்லாச் சுவர்களிலும் ஏறியது. தேடப்படும் குற்றவாளி பற்றிய அறிவிப்புகளைப் படத்தில் காட்டும்போது இன்றும் இந்த எழுத்தையே போடுகிறார்கள்.

அந்த நாட்டில் அடிமை விலங்கை ஒட்டிய உள்நாட்டுப் போர் நடந்தது. 1863இல் கறுப்பின ஆண்களைப் படையில் சேர அழைத்து, ஃபிலடெல்ஃபியாவில் பெரிய மரவெழுத்துகளில் சுவரொட்டி அடித்தார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, தலைவரான ஃப்ரெடரிக் டக்ளஸின் பெயரும் அதில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். சம்பளம் என்ன? வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்துக்கொண்டு 7 டாலர். அழைத்த எழுத்து பெரிது, கொடுத்த கூலி சிறிது. மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் அந்தக் குறைந்த சம்பளத்தைத் தொட மறுத்தார்கள். போர்முனையில் உயிரைக் கொடுத்துக்கொண்டே, மாதக்கணக்கில் வெறுங்கையோடு நின்றார்கள். 1864 ஜூன் மாதத்தில் சமச் சம்பளச் சட்டம் நிறைவேறியது.

பின்னர் தட்டச்சு இயந்திரம் வந்தது. அதில் ஒல்லியான 'ஐ'க்கும் அகலமான 'எம்'முக்கும் ஒரே அளவு இடம்தான். ஒல்லி எழுத்தின் இரு பக்கமும் வெற்றிடம் விழுந்து, சொல் ஓட்டைப் பல் போலத் தெரியும். அகலமான கால் வைத்தால் இடம் நிரம்பும். இதனால்தான் தட்டச்சுக்குப் பட்டைக்கால் பொருந்தியது. 1950களின் நடுவில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த 'கூரியர்' இவற்றுள் புகழ் பெற்றது. அந்நிறுவனம் அதன்மேல் தனியுரிமை கொண்டாடாததால் பிறரும் எடுத்துக்கொண்டனர். ஆங்கிலத் திரைக்கதைகள் இன்றும் கூரியரில்தான் எழுதப்படுகின்றன. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்பது அவர்கள் கணக்கு.

வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த மற்றவை எவை? ஜெர்மனியில் ருடால்ஃப் வோல்ஃப் 1929இல் வெளியிட்ட 'மெம்ஃபிஸ்' ஒன்று. கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைந்தாற்போன்ற வடிவம். பெயர் மட்டும் மீண்டும் எகிப்திய நகரத்தின் பெயர். இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனம் 1934இல் தந்த 'ராக்வெல்' மற்றொன்று. சுவிட்சர்லாந்தின் ஏட்ரியன் ஃப்ருடிகர் 1967இல் தந்த 'செரிஃபா' வேறொன்று. 2005இல் லண்டனின் 'கார்டியன்' நாளிதழ் தனக்கென ஒரு பட்டைக்கால் எழுத்தைச் செய்துகொண்டபோது, அதன் பெயரிலும் 'எகிப்தியன்' என்ற சொல் இடம்பெற்றது. இருநூறு ஆண்டு கழித்தும் அந்தப் பொய்ப்பெயர் விடவில்லை!

வடிவமைப்பாளர்கள் இதை ஏன் நாடுகிறார்கள்? உறுதியாக நிற்கும் தோற்றம் இதற்கு உண்டு. சொரசொரப்பான தாளிலும், தேய்ந்த இயந்திரத்திலும் இதன் கால் எளிதில் உடையாது. தூரத்திலிருந்தும் தெரியும். புத்தக அறையில் பிறக்காமல் தெருவில் பிறந்த எழுத்தல்லவா? கரடுமுரடு அதற்குப் பழக்கம்.

ஆனால் எழுத்தின் உறுதி, சொல்லின் உறுதியாகிவிடாது. லாட்டரிக்காரனுக்கும் இந்த எழுத்து உழைத்தது. விடுதலைக்குக் குரல் கொடுத்தவனுக்கும் இத்தகைய எழுத்தே உழைத்தது. நம் கையிலும் விளம்பரம், கடன் பத்திரம், வேலை ஒப்பந்தம் என்று பல தாள்கள் வருகின்றன. தடித்த எழுத்து நம் கண்ணைக் கூப்பிடட்டும். அதற்காகவே அதைச் செய்தார்கள். கண் போன பிறகு, பொடி எழுத்தில் இருக்கும் எண்ணையும் நாமே படிப்போம். கண் மங்கிய பெரியவர்களுக்கு, பள்ளி செல்லும் பிள்ளைகள் அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.